வெள்ளிக்கிழமையில் வந்த வாக்குப்பதிவு

 

 

2024ஆம் ஆண்டு ரமளானின் முதல் வாரம். மார்ச் 16ஆம் நாள் பிற்பகலில் நாடாளுமன்றத் தேர்தலுக்கான தேதிகளைத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அன்றிரவு தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றவர்கள் வேறெதையும் பேசவில்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கு ஏப்ரல் 19, கேரளத்தின் 20 தொகுதிகளுக்கு ஏப்ரல் 26. இரண்டுமே வெள்ளிக்கிழமைகள்.

"நாம் ஓட்டுப் போடக் கூடாது என்பதற்காகவே இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்" என்றார் ஒருவர். "ஜுமுஆவா, ஓட்டா என்று வந்தால் நமக்கு ஜுமுஆதான். பேசாமல் வீட்டில் இருந்துவிடுவோம்" என்றார் மற்றொருவர். ஓரமாக நின்றிருந்த ஆசிரியர் ஒருவர், எல்லாரும் கலைந்த பிறகு என்னருகே வந்தார். "ஹஜ்ரத், எனக்குத் தேர்தல் பணி வந்துவிடும். வாக்குச்சாவடியை விட்டு நகர முடியாது. அன்றைக்கு என் ஜுமுஆ என்னவாகும்?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

ஒருவர் சந்தேகப்பட்டார், ஒருவர் சலித்துக்கொண்டார், ஒருவர் இறைவனுக்கு அஞ்சிக் கேட்டார். தேர்தல்கள் மீண்டும் மீண்டும் வரும். வெள்ளிக்கிழமையும் வாரந்தோறும் வரும். ஆகவே இந்த மூவருக்கும் உரிய விடையை இப்போதே தெளிவாக அறிந்துகொள்வது நம் மீது கடமையாகும்.

எந்த நாட்டில் எந்த நாள்?

சகோதரர்களே! வாக்குப்பதிவுக்குரிய கிழமை உலகெங்கும் ஒன்றாக இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதத்தின் முதல் திங்களை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையே தேர்தல் நாள். இது 1845ஆம் ஆண்டுச் சட்டம். அந்நாளில் அங்கே பெரும்பாலோர் விவசாயிகள். ஞாயிறு அவர்கள் தேவாலயம் செல்லும் நாள். புதன் பல ஊர்களில் சந்தை நாள். குதிரை வண்டியில் வாக்களிக்கும் ஊருக்குச் சென்று சேர ஒரு நாள் பிடிக்கும். ஆகவே செவ்வாய் வசதியாக அமைந்தது. விவசாயியை எண்ணி வகுத்த அதே செவ்வாய், இன்று கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை செய்வோருக்குச் சிரமமாகிவிட்டது. ஏனெனில் அந்நாட்டின் தேசிய விடுமுறைப் பட்டியலில் அந்நாள் இல்லை.

பிரிட்டனில் 1935 முதல் 2024 வரை நடந்த பொதுத் தேர்தல்கள் அனைத்தும் வியாழக்கிழமையிலேயே நடந்துள்ளன. ஜெர்மனியின் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை அல்லது பொது விடுமுறை நாளைக் கூறுகிறது. பிரான்சிலும் ஞாயிறுதான். ஆஸ்திரேலியா சனிக்கிழமையைச் சட்டமாக்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். அத்தகையோர் முன்கூட்டியே வாக்களிக்க அந்நாட்டில் வழி உண்டு. இஸ்ரேலின் அடிப்படைச் சட்டம் செவ்வாய்க்கிழமையைக் குறிப்பிடுகிறது. தென்கொரியா புதன்கிழமையையும், பிலிப்பைன்ஸ் திங்கட்கிழமையையும் சட்டத்தால் நிர்ணயித்துள்ளன.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளையும் பாருங்கள். ஈரானில் 2021, 2024 ஆகிய ஆண்டுகளின் அதிபர் தேர்தல்கள் வெள்ளிக்கிழமையிலேயே நடந்தன. அங்கே வெள்ளி வார விடுமுறை. மக்கள் வாக்களிக்க ஓய்வாக இருக்கும் நாள். வங்கதேசத்திலும் வெள்ளி விடுமுறைதான். ஆயினும் 2014, 2018, 2024 தேர்தல்கள் மூன்றும் அங்கே ஞாயிறன்று நடந்தன. இந்தோனேசியா 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் புதன்கிழமையில் வாக்களித்தது. பாகிஸ்தான் 2018இல் புதன்கிழமையையும் 2024இல் வியாழக்கிழமையையும் கொண்டது. மலேசியா 2018இல் புதன், 2022இல் சனி. நம் தமிழ்ச் சகோதரர்கள் வாழும் சிங்கப்பூரில் 2015, 2020 பொதுத் தேர்தல்கள் வெள்ளிக்கிழமையில் நடந்தன. வாக்குப்பதிவு நாள் அங்கே பொது விடுமுறை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? வாரத்தின் ஏழு நாட்களில் எல்லாச் சமயத்தாருக்கும் எல்லாத் தொழிலாருக்கும் முற்றிலும் பொருத்தமான நாள் என்று ஒன்று இல்லை. வெள்ளியன்று வாக்களிப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதுமில்லை. முஸ்லிம் நாடுகளே அவரவர் சூழலுக்கேற்ப வெவ்வேறு நாட்களைக் கொண்டுள்ளன.

நம் நாட்டில் கிழமை எதுவும் சட்டத்தில் நிர்ணயிக்கப்படவில்லை. வானிலை, தேர்வுகள், பண்டிகைகள், அறுவடைக் காலம், பாதுகாப்புப் படையினரின் நகர்வு ஆகியவற்றைக் கருதி ஆணையம் தேதி குறிக்கிறது. 2024இல் ஏழு கட்டங்கள். முதல் இரண்டும் வெள்ளி. பின்னர் ஒரு செவ்வாய், இரண்டு திங்கள், இரண்டு சனி. ஏப்ரல் 19 அன்று வாக்களித்தவை 102 தொகுதிகள். அவற்றில் முஸ்லிம்கள் மிகச் சிலரே வாழும் மலை மாநிலங்களும் இருந்தன. எனவே, நம்மைத் தடுப்பதற்காகவே என்று சொன்ன சகோதரருக்கு நான் கூறியது இதுதான்: ஆதாரமில்லாத சந்தேகத்தைத் தவிர்க்கும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. குறை இருந்தால் குறையென்று சொல்வோம்; சூழ்ச்சியென்று சொல்ல ஆதாரம் வேண்டும்.

குறை இருக்கத்தான் செய்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. 2019 தேர்தலின் பிந்திய கட்டங்கள் நோன்புக் காலத்தில் வந்தபோது, ஒரு மாதம் முழுவதையும் ஒதுக்க இயலாது என்றும், பெருநாளையும் வெள்ளிக்கிழமைகளையும் தவிர்த்திருப்பதாகவும் ஆணையம் விளக்கம் தந்தது. அவ்வாண்டின் ஏழு கட்டங்களில் ஒன்றுகூட வெள்ளியில் இல்லை. 2024இல் அந்தக் கவனம் இல்லாமற்போயிற்று. கேரளத்தில் முஸ்லிம் லீக்கும் சமஸ்த உலமா சபையும் தேதியை மாற்றும்படி கேட்டன. தேதி மாறவில்லை.

வெள்ளி நமக்கு ஓய்வு நாளா?

இனி, வீட்டில் இருந்துவிடுவோம் என்ற சகோதரருக்கு வருவோம். அவருடைய பேச்சில் ஜுமுஆவின் மீதுள்ள பற்று தெரிகிறது. ஆனால் ஜுமுஆவைப் பற்றிய அறிவில் ஒரு குறை இருக்கிறது.

அல்லாஹ் ஜுமுஆ அத்தியாயத்தில் நமக்கு இடும் ஏவல் இரண்டு பகுதிகளைக் கொண்டது. தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு இறைவனை நினைவுகூர விரைய வேண்டும் என்பது முதல் பகுதி. தொழுகை நிறைவேறியதும் பூமியில் பரவிச் சென்று அவனுடைய அருளைத் தேட வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. அப்படியானால் பாங்குக்கு முன்னும் மனிதன் அலுவலில்தான் இருக்கிறான். தொழுகைக்குப் பின்னும் அலுவலுக்குத்தான் அனுப்பப்படுகிறான். நடுவே உள்ள அந்தச் சிறு வேளையே இறைவனுக்கென்று முழுமையாகக் கேட்கப்படுகிறது. நாள் முழுதும் கைகட்டி இருப்பது நமக்கு விதிக்கப்பட்டதன்று.

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. ஆக 11 மணி நேரம். அதற்குள் ஜுமுஆவுக்காக நாம் ஒதுக்க வேண்டியது ஏறத்தாழ ஒரு மணி நேரம். மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து, அவர்கள் வாக்களித்த பிறகே சாவடியை மூடுவார்கள். வாக்குப்பதிவு நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஆ பிரிவு கூறுகிறது. இத்தனை இருக்கையில் ஜுமுஆவா, ஓட்டா என்ற கேள்வியே எழவில்லை. இரண்டுக்கும் இடமிருக்கிறது. இடமில்லாதது நம் சோம்பலுக்கு மட்டுமே.

மேலும், வாக்கு என்பது என்ன? இன்னார் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் தரும் சாட்சியம் அது. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்பது குர்ஆனின் எச்சரிக்கை. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதன் கட்டளை. ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு பேரிடம் விட்டுச் சென்றார்கள். அவர்களுள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் உறக்கத்தைத் துறந்து, மூன்று இரவுகள் மக்களின் கருத்தைக் கேட்டறிந்தார்கள். வீட்டுக்குள் இருந்த பெண்களிடமும் கேட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். பின்னர் சுப்ஹு தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் உஸ்மான் (ரலி) அவர்களின் பெயர் அறிவிக்கப்பட்டது. தலைவரைத் தேர்வது தொழுகைக்கு அந்நியமான வேலை என்று அந்த உத்தமர்கள் கருதவில்லை.

மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் மறந்துவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். தானியம் ஏற்றிய வணிகக் கூட்டம் ஊருக்குள் வந்தது. பஞ்ச காலம். மக்கள் எழுந்து அதை நோக்கி ஓடினார்கள். பன்னிரண்டு பேர் மட்டுமே எஞ்சியிருந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தேர்தல் நாளில் குத்பா நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கட்சிக்கொடி கட்டிய ஆட்டோ வந்து நின்று, ஆள் அழைத்துப் போக ஒலி எழுப்பினால், அதுவும் அந்த வணிகக் கூட்டம் போன்றதே. அதற்காக எழுந்து ஓடாதீர்கள். காலையிலேயே உங்கள் சொந்தக் காலில் சென்று வாக்களித்துவிட்டால் அந்த ஆட்டோவுக்கு உங்களிடம் வேலை இருக்காது.

சலுகை யாருக்கு?

இப்போது அந்த ஆசிரியரின் கேள்வி. தேர்தல் பணியாளர் முந்திய நாளே சாவடிக்குச் சென்றுவிட வேண்டும். விடியற்காலையில் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்ட வேண்டும். இயந்திரமும் பதிவேடுகளும் அவர் பொறுப்பில் இருக்கின்றன. அவர் எழுந்து சென்றால் ஊரார் அனைவரின் அமானிதமும் காவலற்றுப் போகும். நோயாளியைப் பராமரிப்பவருக்கும், தன் பொருளுக்கோ பிறர் பொருளுக்கோ சேதம் வரும் என்று அஞ்சுபவருக்கும் ஜுமுஆவில் சலுகை உண்டென்று நம் ஃபுகஹாக்கள் எழுதி வைத்துள்ளனர். மாற்று ஆள் கிடைக்காத நிலையில் அந்த ஆசிரியரும் இந்தச் சலுகைக்கு உரியவரே. அவர் தம் இடத்திலேயே ளுஹர் நான்கு ரக்அத்தைத் தொழுதுகொள்ள வேண்டும். மாற்று ஆள் இருந்து, பள்ளிவாசலும் அருகில் இருந்தால் அனுமதி கேட்டுச் சென்றுவர வேண்டும்.

கட்சிகளின் முகவராக அமர்பவர்களுக்கு இந்தச் சலுகையைச் சொல்லிவிட முடியாது. ஒரு சாவடிக்கு ஒரு முகவருடன் மாற்று முகவர் இருவரையும் வேட்பாளர் நியமித்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒருவர் உள்ளே இருந்தால் போதும். எனவே முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள். மாற்று சமயச் சகோதரர் ஒருவரை அந்த ஒரு மணி நேரத்துக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். அவருடைய பண்டிகை நாளில் நீங்கள் அமர்ந்து கொடுங்கள்.

வெளியூரில் வேலை பார்த்து, வாக்களிக்கச் சொந்த ஊர் செல்வோர் வியாழன் இரவே புறப்படுங்கள். வெள்ளி வைகறைக்குப் பின், ஜுமுஆ தவறிப்போகும் விதத்தில் பயணத்தைத் தொடங்குவது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு தொழாமல் புறப்படுவதை ஹனஃபி மத்ஹபும் வெறுக்கிறது.

விரலில் வைக்கும் மையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அந்த மையில் உள்ள வெள்ளி நைட்ரேட் தோலில் நிறமாகப் பதிகிறது. மருதாணியின் சிவப்பு வுளூவைத் தடுக்காததுபோல் இந்த நிறமும் தடுக்காது. அதன் மேல் தண்ணீர் ஓடினால் போதுமானது.

மிம்பரில் நின்றவனின் குறை

சகோதரர்களே! இதுவரை உங்களுக்குச் சொன்னேன். இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த ஏப்ரல் 19 அன்று நான் வழக்கம்போல் நாற்பது நிமிடம் பயான் செய்தேன். வாக்கின் அருமையைப் பற்றித்தான் பேசினேன். ஆர்வத்தில் நேரத்தை மறந்துவிட்டேன். தொழுகை முடிந்து மக்கள் சாவடிக்குப் போனபோது உச்சி வெயில். எங்கள் மஹல்லாவின் ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சென்றதால் வரிசை தெருமுனை வரை நீண்டது. எப்போதும் முதல் ஸஃப்பில் அமரும் முதியவர் ஒருவர், நீரிழிவு நோயாளி, அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறதென்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மாலையில் அவரால் மீண்டும் வர முடியவில்லை. மஃரிபுக்கு வந்தவர், மை படாத தம் விரலை என்னிடம் காட்டி, "இத்தனை வருடத்தில் இது முதல் தடவை, ஹஜ்ரத்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் குறை என்னுடையதுதான்.

தொழுகையை நீட்டிக் குத்பாவைச் சுருக்குவது ஒருவரின் மார்க்க விளக்கத்திற்கு அடையாளம் என்று நபி (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்துமிருக்கிறேன். செயல்படுத்த வேண்டிய நாளில் மறந்தேன். வாக்கைப் பற்றி நாற்பது நிமிடம் பேசி ஒரு வாக்கை இழக்கச் செய்துவிட்டேன். ஜுமுஆவுக்கு முந்திய வாரமே, காலை ஏழு மணிக்கு முதியவர்களை அழைத்துச் செல்லுங்கள் என்று ஓர் அறிவிப்புச் செய்திருந்தால் போதுமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை விரைந்து எழுவது நமக்குப் புதிதா? குளித்து, முதல் வேளையில் பள்ளிக்கு வருபவர் ஓர் ஒட்டகத்தைக் குர்பானி கொடுத்தவரைப் போன்றவர். அடுத்தடுத்து வருபவர்கள் மாடு, ஆடு, கோழி, முட்டை என்று படிப்படியாகக் குறைந்த நன்மையைப் பெறுகிறார்கள் என்பது நபிமொழியின் கருத்து. அந்த நாளில் ஏழு மணிக்கு வாக்களித்துவிட்டு, குளித்து, மணம் பூசி, பத்து மணிக்கெல்லாம் பள்ளிக்கு வந்து அமர்பவருக்கு இரண்டு கடமைகளும் நிறைவாகின்றன.

பிறர் நாளையும் மதிப்போம்

இன்னொன்றையும் மனசாட்சியுடன் கேட்டுக்கொள்வோம். 2019இல் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, வியாழக்கிழமை. அது கிறிஸ்தவச் சகோதரர்களின் பெரிய வியாழன். மறுநாள் புனித வெள்ளி. தேவாலய வளாகங்களிலுள்ள பள்ளிக்கூடங்கள் பல வாக்குச்சாவடிகள். தேதியை மாற்றும்படி அவர்கள் கேட்டார்கள், நீதிமன்றம் வரை சென்றார்கள், தேதி மாறவில்லை. மதுரையில் அதே வேளையில் சித்திரைத் திருவிழா. அங்கே மட்டும் வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. அன்று அந்தக் கிறிஸ்தவர்களுக்காக நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? நான் திறக்கவில்லை. நமக்கு வந்தபோதுதான் வலித்தது.

சேர்ந்து, முன்கூட்டியே, சட்டப்படி கேட்டால் பலன் உண்டு என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2022இல் பஞ்சாபின் தேர்தல் பிப்ரவரி 14இல் இருந்து 20ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. குரு ரவிதாஸ் பிறந்தநாளுக்காக அங்குள்ள மக்கள் காசிக்குப் பயணம் செல்வதை எடுத்துக்காட்டிப் பல கட்சிகளும் கேட்டன. 2023இல் மிசோரமில் வாக்கு எண்ணும் நாள் ஞாயிறாக வந்தபோது, கிறிஸ்தவர்களின் வழிபாட்டு நாளென்று அம்மாநிலத்தார் ஒருமித்துக் கேட்டார்கள். டிசம்பர் 3 என்றிருந்தது திங்கட்கிழமை 4 ஆயிற்று.

கேட்டும் கிடைக்காமற்போவதுண்டு. கனடாவில் 2019 தேர்தல் நாள் யூதர்களின் ஒரு திருநாளில் வந்தது. நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யும்படி கூறியது. தலைமைத் தேர்தல் அலுவலர் ஆராய்ந்து பார்த்து, அதே நாளை வைத்துக்கொண்டார். அங்கே முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்கள் இருந்தன. நம் நாட்டில் சாதாரண வாக்காளருக்கு அந்த வசதி இல்லை. எனவே நமக்கு இரண்டு வேலைகள் உள்ளன. தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டும். குறித்த பிறகு அந்த நாளுக்குள்ளேயே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

எனவே என் அன்பு வேண்டுகோள். அடுத்த தேர்தல் வெள்ளியில் வந்தால் ஜமாஅத் நிர்வாகிகள் முந்திய வாரமே கூடிப் பேசுங்கள். அன்றைய பயானை விட்டுவிட்டு, குத்பாவைச் சுருக்கச் சொல்லி இமாமுக்கு நினைவூட்டுங்கள்; நாங்கள் வருத்தப்பட மாட்டோம். முதியவர்களையும் நோயாளிகளையும் முதல் வரிசைக்கு அழைத்துச் செல்ல இளைஞர்களை நியமியுங்கள். தாய்மார்களே, உங்கள் மீது ஜுமுஆ கடமையில்லை. ஆண்கள் பள்ளியில் இருக்கும் வேளை உங்களுக்கு வசதியாக இருக்கும். சமையலைக் காரணம் காட்டி இருந்துவிடாதீர்கள். உங்கள் சாட்சியமும் கணவரின் சாட்சியமும் எடையில் ஒன்றே. பணம் வாங்கி வாக்களிப்பது லஞ்சம். கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பதை எந்தக் கிழமையிலும் மறவாதீர்கள். பெரிய வியாழனிலோ திருவிழா நாளிலோ தேர்தல் வந்தால், அவர்களுக்காக முதல் கடிதம் நம் ஜமாஅத்திலிருந்து போகட்டும்.

யா அல்லாஹ்! உனக்குரிய வேளையைப் பேணிக்கொள்ளவும், மக்களுக்குரிய அமானிதத்தை நிறைவேற்றவும் எங்களுக்கு அருள்வாயாக! எங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்று நாங்கள் விரும்பும் நீதியைப் பிறருக்காகவும் விரும்பும் உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் கவனக்குறைவால் வாக்கை இழந்த அந்த முதியவருக்கு ஆரோக்கியத்தைத் தந்து, எங்கள் குறையை மன்னிப்பாயாக! ஆமீன்.